260 ஆட்டக் கணக்கு: மைனர் லீக் ஐஸ் ஹாக்கியில் ஒரு டிஃபென்ஸ்மேனின் பிழைப்பு

வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.-இல் 32 அணிகள் இருக்கின்றன. ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி வழக்கமாக ஆறு டிஃபென்ஸ்மேன்களை, அதாவது தடுப்பு ஆட்டக்காரர்களை, இறக்கும். பெருக்கிப் பார்த்தால் 192 பேர். இந்த வேலைக்கு உச்சியில் இருக்கும் இடங்கள் அவ்வளவுதான். அந்த 192-க்குள் வராத, ஆனால் ஹாக்கி ஆடியே சம்பளம் வாங்குகிற மற்றவர்கள் எங்கே ஆடுகிறார்கள்? எந்த ஒப்பந்தத்தில் ஆடுகிறார்கள்? ஆட்டம் நன்றாகக் கைவந்துவிட்ட 28 வயதில் அவர்களில் பலர் ஏன் வேலை தேட வேண்டியிருக்கிறது? ஹாக்கி பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை முதலிலிருந்து சொல்கிறோம்.

ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். கனடாவில் 'மைனர் ஹாக்கி' என்றால் சிறுவர் ஆடும் ஹாக்கி. 'மைனர் லீக்' என்பது வேறு. அது முழுநேரச் சம்பளத் தொழில். அங்கே ஆடுபவர்கள் இருபதிலிருந்து முப்பத்தைந்து வயது வரையுள்ளவர்கள், பலர் பிள்ளை குட்டிக்காரர்கள்.

படிகள்

என்.ஹெச்.எல்.-க்கு நேர் கீழே உள்ள படி அமெரிக்கன் ஹாக்கி லீக், அதாவது ஏ.ஹெச்.எல். 1936-இல் தொடங்கியது. இப்போது அதிலும் 32 அணிகள். ஒவ்வொன்றும் மேலே உள்ள ஓர் அணியோடு இணைந்தது. என்.ஹெச்.எல்.-இன் வாஷிங்டன் கேப்பிடல்ஸின் இளம் வீரர்கள் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி பேர்ஸுக்கு ஆடுவார்கள். டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸின் இளம் வீரர்கள் அதே ஊரில் டொரண்டோ மார்லீஸுக்கு ஆடுவார்கள். (டொரண்டோவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்த ஆட்டத்தை நேரில் பார்த்துப் பழக மார்லீஸ் ஆடும் கோகோ கோலா கொலிசியம் நல்ல இடம். லீஃப்ஸ் ஆட்டத்தை விடச் செலவு மிகக் குறைவு, பனித்தளத்துக்குப் பக்கத்திலேயே உட்காரலாம்.)

ஏ.ஹெச்.எல்.-க்குக் கீழே 1988-இல் தொடங்கிய ஈ.சி.ஹெச்.எல். அதற்கும் கீழே எஸ்.பி.ஹெச்.எல். போன்ற சிறு லீக்குகள். ஏ.ஹெச்.எல்., ஈ.சி.ஹெச்.எல். இரண்டிலும் ஒரு சீசனுக்கு 72 ஆட்டங்கள். எஸ்.பி.ஹெச்.எல்.-இல் அதைவிடக் குறைவு.

இன்று என்.ஹெச்.எல்.-இல் ஆடுபவர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் ஏ.ஹெச்.எல். வழியாக வந்தவர்கள். ஆனால் திருப்பிப் பார்த்தால் கதை வேறு. ஏ.ஹெச்.எல்.-இல் ஆடுபவர்களில் பெரும்பாலோர் மேலே நிரந்தர இடம் பிடிப்பதில்லை. இந்த இரண்டு உண்மைகளும் ஒரே லாக்கர் அறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

டிஃபென்ஸ்மேன் செய்வது என்ன

பனித்தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம், சுற்றிலும் பலகைச் சுவர், அதன் மேல் கண்ணாடி. ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரோடு ஆறு பேர்: மூன்று ஃபார்வர்டுகள், இரண்டு டிஃபென்ஸ்மேன்கள். டிஃபென்ஸ்மேன்கள் ஜோடியாகத்தான் இறங்குவார்கள், ஜோடியாகத்தான் வெளியேறுவார்கள். ஓர் அணிக்கு மூன்று ஜோடி. ஒரு முறை இறங்கினால் 40 முதல் 50 நொடி. அதற்குமேல் நின்றால் கால் கனத்துவிடும், தவறு வரும். இந்த 40 நொடித் துண்டுக்குத்தான் 'ஷிஃப்ட்' என்று பெயர். முதல் ஜோடிக்கு 60 நிமிட ஆட்டத்தில் 22 நிமிடத்துக்கு மேல்கூடக் கிடைக்கும், மூன்றாவது ஜோடிக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தாலே நல்ல நாள்.

பேர்தான் டிஃபென்ஸ். வேலையில் பாதி தடுப்பது, பாதி பக்கைப் பத்திரமாக வெளியே கொண்டுபோவது. பக் என்பது மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வில்லை, எடை சுமார் 160 கிராம். துள்ளாமல் இருக்க அதை உறைய வைத்துத்தான் ஆட்டத்துக்கு எடுப்பார்கள்.

தடுப்பதில் முதல் பாடம் இடைவெளி. எதிரணி ஃபார்வர்டு பக்கோடு முன்னால் வருகிறார். நம் ஆள் பின்னோக்கி ஸ்கேட் செய்துகொண்டே அவரை எதிர்கொள்கிறார். நம் பகுதியின் எல்லையான நீலக் கோட்டை நெருங்கும்போது இருவருக்கும் நடுவே, ஒரு கையால் ஸ்டிக்கை நீட்டினால் பக்கைத் தொடும் தூரம்தான் இருக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் வருபவர் நிம்மதியாகக் கோட்டைத் தாண்டி, தலையைத் தூக்கி, யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க நேரம் கிடைக்கும். வேகம் ஒத்துப்போகும் முன்பே நெருங்கிவிட்டால், அவர் வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டு போய்விடுவார். பார்வை பக்கின் மேல் போகவே கூடாது. பக் ஏமாற்றும், கை ஏமாற்றும், தோள்கூட ஏமாற்றும். நெஞ்சு எங்கே போகிறதோ அங்கேதான் ஆள் போக முடியும். நெஞ்சைப் பார்த்துக்கொண்டே, ஆளைப் பலகைச் சுவர்ப் பக்கம் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் முறை.

இரண்டு பேர் சேர்ந்து வர, தடுக்கத் தனியாக ஒருவர் மட்டும் இருந்தால் வழி ஒன்றே. குறுக்கே போகும் பாஸை மறிக்க வேண்டும், ஷாட்டை கோல்கீப்பரிடம் விட்டுவிட வேண்டும். இரண்டையும் பிடிக்கப் பார்ப்பவர் இரண்டையும் விடுவார்.

இப்போது மற்ற பாதிக்கு வருவோம். மைனர் லீக்கில் ஒருவரைத் தூக்கிவிடுவதும் தள்ளிவிடுவதும் பெரும்பாலும் இந்தப் பாதிதான். எதிரணி பக்கை நம் மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஃபென்ஸ்மேன் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தவர், இடுப்பைத் திருப்பி முன்னோக்கி மாறி, மூலைக்கு ஓடுகிறார். பக்கைத் தொடுவதற்கு முன் குறைந்தது இரண்டு முறை தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்க வேண்டும். முதல் பார்வை திரும்பியதுமே: துரத்தி வருபவர் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்? இரண்டாவது பார்வை பக்குக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால்: தன் ஜோடிக்காரர் எங்கே, விங்கர் (ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டு) சுவரோரம் வந்துவிட்டாரா, சென்டர் (நடுவில் ஆடும் ஃபார்வர்டு) கீழே இறங்கியிருக்கிறாரா?

அந்த இரண்டாவது பார்வை முடியும்போதே முடிவும் முடிந்திருக்க வேண்டும். துரத்துபவர் பின்தங்கியிருந்தால், கோலுக்குப் பின்னால் தானே சுற்றிக்கொண்டு மறுபக்கம் வெளியேறலாம். மிக நெருங்கிவிட்டால், வந்த வழியே பக்கைச் சுவரில் திருப்பித் தட்டி ஜோடிக்காரருக்கு விடலாம். துரத்துபவர் தன் வேகத்திலேயே அதைத் தாண்டிப் போய்விடுவார். விங்கர் சுவரோரம் காத்திருந்தால் நேரே அவருக்கு. எதுவும் திறக்கவில்லையென்றால், சுவரைச் சுற்றி ஓங்கி அடித்து அனுப்பலாம். கடைசி வழி அது, பல நேரம் பக் எதிரணியிடமே போய்ச் சேரும்.

இதில் தவறுகிற இடங்கள் மூன்று. ஒன்று, பார்க்காமல் போவது. இரண்டு, கால்விரல் இரண்டும் சுவரைப் பார்த்தபடி நேராகப் போய் நிற்பது. அப்படி நின்றால் முதுகு முழுவதும் துரத்துபவருக்குத் திறந்து கிடக்கும், மூளையதிர்ச்சிகளில் பல இங்கேதான் நடக்கின்றன. உடம்பைச் சாய்வாக வைத்து, ஒரு தோளை சுவருக்குக் கொடுத்துப் போக வேண்டும். மூன்று, பதற்றத்தில் பக்கை நடுப்பகுதிக்குக் குருட்டாம்போக்கில் தள்ளுவது. ஃபார்வர்டு அப்படிப் பறிகொடுத்தால் திரும்பி ஓடி வர 150 அடி இருக்கிறது. டிஃபென்ஸ்மேன் பறிகொடுத்தால் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான்.

பெரிய ஊர் அரங்குகளில் இல்லாத ஒரு கஷ்டம் சின்ன ஊர் அரங்குகளில் உண்டு. முந்தைய இரவு கச்சேரியோ கண்காட்சியோ நடந்திருக்கும், பனி இளகலாக இருக்கும், பக் விளிம்பில் நின்று உருளும். கண்ணாடித் துண்டுகள் சேரும் இடுக்கில் பட்டு எதிர்பாராத பக்கம் தெறிக்கும். அனுபவசாலி டிஃபென்ஸ்மேன் வார்ம்-அப்பிலேயே பக்கைச் சுவரைச் சுற்றி நாலு முறை அடித்துப் பார்த்து, எந்த மூலை எப்படித் திருப்பி அனுப்புகிறது என்று மனத்தில் வைத்துக்கொள்வார். ஸ்கேட் கத்தியின் அடியில் ஓடும் குழிவையும் பனிக்குத் தக்கபடி மாற்றச் சொல்வார்கள். கெட்டிப் பனிக்கு ஆழமான குழிவு, இளகிய பனிக்கு மேலோட்டமான குழிவு. இளகிய பனியில் ஆழக் குழிவோடு இறங்கினால் கத்தி அதிகம் பதிந்து கால் சீக்கிரம் களைக்கும்.

இன்னொன்று, தன் பகுதியிலிருந்து பக்கை நேராகக் கண்ணாடிக்கு மேலே பறக்கவிட்டால் இரண்டு நிமிடப் பெனால்டி, அவர் வெளியே உட்கார அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். நெருக்கடியில் உயரமாகத் தூக்கி அடிக்கிற டிஃபென்ஸ்மேன்களுக்கே இது அதிகம் விழும்.

எந்தக் கையால் ஆடுகிறார் என்பதும் சம்பளத்தைத் தீர்மானிக்கும். வலது கை கீழே பிடித்து ஆடுபவர்கள் குறைவு. வலப்பக்க டிஃபென்ஸ்மேன் அப்படி ஆடினால் சுவரோரம் வரும் பக் நேராக அவருடைய முன்கைப் பக்கம் விழும். இடக்கைக்காரர் அங்கே நின்றால் புறக்கையில் வாங்கித் திருப்ப வேண்டும், அதற்குள் அரை நொடி போய்விடும். அதனால் இருவரும் சமமாக ஆடினாலும் வலக்கைக்காரருக்கே முதலில் தொலைபேசி வரும்.

ஏன் தாமதமாகப் பழுக்கிறார்கள்

ஃபார்வர்டு ஒருவர் 19 வயதில் வேகத்தையும் கைத்திறனையும் மட்டும் வைத்து மேலே ஆடிவிட முடியும். டிஃபென்ஸ்மேனின் வேலையில் பெரும்பகுதி முன்கூட்டியே ஊகிப்பது. எந்த ஃபார்வர்டு எந்தக் கோணத்தில் துரத்துவார் என்பது நூற்றுக்கணக்கான முறை அடிபட்ட பிறகுதான் பிடிபடும். 200, 300 ஆட்டம் ஆனபிறகுதான் ஒரு டிஃபென்ஸ்மேனை எடைபோட முடியும் என்று பயிற்சியாளர்கள் சொல்வது வழக்கம்.

மார்க் ஜியோர்டானோவை எந்த அணியும் டிராஃப்டில் (இளம் வீரர்களை என்.ஹெச்.எல். அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுக்கவில்லை. ஏ.ஹெச்.எல்.-இல் ஆடினார், நடுவே 2007-08 சீசனில் ரஷ்யாவுக்குப் போய் டைனமோ மாஸ்கோவுக்கு ஆடினார், திரும்பி வந்தார். 2019-இல் என்.ஹெச்.எல்.-இன் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையை வாங்கியபோது வயது 35. டான் ஜிரார்டியும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர். ஈ.சி.ஹெச்.எல்.-இல் சார்லட் செக்கர்ஸ், அடுத்து ஏ.ஹெச்.எல்.-இல் ஹார்ட்ஃபோர்டு, அதற்கு மேல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் என்று படிப்படியாக ஏறி, என்.ஹெச்.எல்.-இல் 900 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார்.

இளம் டிஃபென்ஸ்மேனை மேலே வைத்துக்கொள்ளாமல் ஏ.ஹெச்.எல்.-க்கு அனுப்புவது தண்டனையல்ல என்பதும் இதிலிருந்தே விளங்கும். மேலே ஏழாவது ஆளாக இருந்தால் சூட் போட்டுக்கொண்டு மாடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். கீழே இருந்தால் 20 நிமிடம் ஆடலாம். பவர்ப்ளேயிலும் (எதிரணி பெனால்டியால் ஆள் குறைந்து நிற்கும் நேரம்) தன் அணி ஆள் குறைவாக நின்று தடுக்கும் நேரத்திலும் இறங்கலாம். ஊகம் வளர்வது ஆடும்போதுதான்.

எந்தக் காகிதத்தில் கையெழுத்து

வருகிற வழிகள் முக்கியமாக மூன்று: கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகள், அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி, ஐரோப்பா. ஜூனியரில் சீசனுக்கு அறுபது ஆட்டங்களுக்கு மேல். கல்லூரியில் நாற்பதுக்குள், பெரும்பாலும் வெள்ளி, சனி மட்டும். என்.ஹெச்.எல். டிராஃப்டில் ஏழு சுற்று, 224 பெயர்கள். எடுக்கப்பட்டதாலேயே வேலை கிடைத்ததாக ஆகாது. ஒப்பந்தம் தனி.

அந்த ஒப்பந்தத்தில் வகைகள் உண்டு. புதிதாக இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

என்.ஹெச்.எல். ஒப்பந்தம் இருப்பவரை மேலேயும் கீழேயும் மாற்றி மாற்றி ஆடவைக்கலாம். ஆனால் ஓர் அணி ஒரே நேரத்தில் 50 ஒப்பந்தங்கள்தான் வைத்திருக்க முடியும். அதில் 23 பேர் மேலே. மற்றவர்கள் பெரும்பாலும் ஏ.ஹெச்.எல்.-இல், சிலர் இன்னும் ஜூனியரில். கீழே உள்ள அணியை நிரப்ப அந்த எண்ணிக்கை போதாது. அந்த ஓட்டையை அடைக்க வருபவர்கள்தான் இரண்டாவது வகை: ஏ.ஹெச்.எல். ஒப்பந்தக்காரர்கள். இவர்கள் எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் மறுநாள் மேலே கூப்பிட முடியாது. முதலில் என்.ஹெச்.எல். அணி அவரோடு புதிய ஒப்பந்தம் போட வேண்டும், அதற்கு அந்த 50-இல் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். "நம் ஆள் இவ்வளவு நன்றாக ஆடுகிறாரே, ஏன் கூப்பிடவில்லை?" என்ற ரசிகர்களின் கேள்விக்குப் பாதி நேரம் இதுதான் விடை.

மூன்றாவது, ட்ரையவுட் ஒப்பந்தம், அதாவது ஆடவைத்துப் பார்க்கும் தற்காலிக ஒப்பந்தம். ஏ.ஹெச்.எல்.-இல் இது அதிகபட்சம் 25 ஆட்டம். இரண்டு டிஃபென்ஸ்மேன்களுக்கு அடிபட்டால், ஈ.சி.ஹெச்.எல்.-இல் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மதியம் அழைப்பு வரும். ஸ்கேட், இரண்டு மூன்று ஸ்டிக், ஒரு சூட் எடுத்துக்கொண்டு காரிலேயே கிளம்பிவிடுவார். அடிபட்டவர் குணமானதும் விடுவித்துவிடலாம். ஒரு நாள் முன்னறிவிப்பு என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

கல்லூரி சீசன் மார்ச்சில் முடிந்ததும் வருகிற பையன்களுக்கு அமெச்சூர் ட்ரையவுட் என்று ஒன்று. சீசனின் கடைசிச் சில வாரங்களில் அவர்களை ஆடவைத்துப் பார்ப்பார்கள்.

கொஞ்சம் அனுபவம் சேர்ந்த பிறகு, மேலிருந்து கீழே அனுப்பும்போது 'வேவர்ஸ்' என்ற வடிகட்டி வரும். 24 மணி நேரத்துக்கு மற்ற 31 அணிகளில் யார் வேண்டுமானாலும் அந்த வீரரை ஒப்பந்தத்தோடு எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டால் கீழே போவார். இளையவர்களுக்கு இதிலிருந்து சில ஆண்டு விலக்கு உண்டு. அதனால் ஆட்டத்தில் சமமான இருவரில், விலக்கு இருக்கும் பையன்தான் கீழே அனுப்பப்படுவான். அனுப்பினால் பறிபோகும் என்ற பயம் அணிக்கு இல்லை.

260

இனி வருவது இந்தத் தொழிலின் அச்சாணி.

ஏ.ஹெச்.எல். வளர்ப்பு லீக். அதைக் காப்பாற்ற ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஓர் ஆட்டத்தில் இறங்கும் 18 வீரர்களில் (கோல்கீப்பர்கள் கணக்கில் இல்லை) குறைந்தது 13 பேர் 'வளரும் வீரர்'களாக இருக்க வேண்டும். அந்த 13-இல் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. மீதி ஒருவருக்கு மட்டும் 320 வரை சலுகை. ஏ.ஹெச்.எல்., என்.ஹெச்.எல்., ஐரோப்பாவின் உயர் லீக்குகள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வழக்கமான சீசன் ஆட்டங்கள் மட்டும், அதுவும் சீசன் தொடங்கும் நாளில் உள்ள எண்ணிக்கை. ஆக, 258 ஆட்டத்தோடு அக்டோபரில் தொடங்குபவர் அந்த வருடம் முழுக்க 'வளரும் வீரர்'. 261-ஓடு தொடங்குபவர், அந்த ஒரு சலுகை இடம் கிடைக்காவிட்டால், முதல் நாளே மூத்தவர்.

பதினெட்டில் பதின்மூன்று போனால் ஐந்து. இரவுக்கு ஐந்து மூத்தவர் நாற்காலிகள். அவற்றுக்கு ஃபார்வர்டுகளும் போட்டி. பல அணிகள் மூன்று நாற்காலியை கோல் அடிக்கும் ஃபார்வர்டுகளுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டைத்தான் டிஃபென்ஸுக்கு ஒதுக்கும்.

இப்போது வயதோடு வைத்துப் பாருங்கள். 22, 23 வயதில் கல்லூரியிலிருந்து வருகிறார். வருடத்துக்கு 72 ஆட்டம், அடிபட்டதும் உட்காரவைத்ததும் போக அறுபது என்றால், 260 ஆக நாலரை வருடம். 27, 28 வயது. மேலே சொன்ன 200, 300 ஆட்ட ஊகம் கைவருவதும் அப்போதுதான். ஆள் பழுக்கும் வருடமும் நாற்காலி பறிபோகும் வருடமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஃபார்வர்டு 24 வயதில் தன்னை நிரூபித்துவிட்டுப் போய்விடலாம். டிஃபென்ஸ்மேனுக்குத்தான் இந்த விதி அதிகம் வலிக்கிறது. விதி தேவையானது என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை, அது இல்லாவிட்டால் 20 வயதுப் பையன்களுக்கு ஆட இடமே இருக்காது. ஆனால் இரண்டு நிலைக்கும் ஒரே எண் வைத்தது சரியா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

ஈ.சி.ஹெச்.எல்.-இலும் மூத்தவர்களுக்கு வரம்பு உண்டு, நான்கு பேர். கீழே இறங்கினால் தப்பலாம் என்ற வழியும் அகலமானதல்ல.

ஒரு வாரம்

சின்ன ஊர்களில் வெள்ளி, சனி, ஞாயிறுதான் டிக்கெட் விற்கும். அதனால் மூன்று இரவில் மூன்று ஆட்டம் என்பது இந்த லீக்குகளின் தலையெழுத்து. திங்கள் ஓய்வு. செவ்வாய், புதன், வியாழன் பயிற்சி, வீடியோ, உடற்பயிற்சிக் கூடம். வெள்ளி இரவு ஓர் ஊரில் ஆடிவிட்டு, பத்தரை மணிக்குப் பேருந்து ஏறி, பின்னிரவில் அடுத்த ஊர் விடுதி. சனி இரவு மறுபடியும். ஞாயிறு பெரும்பாலும் மதிய ஆட்டம்.

அந்த மூன்றாவது ஆட்டத்தில் டிஃபென்ஸ்மேனைக் கவனித்தால் களைப்பு எங்கே தெரிகிறது என்று புரியும். ஓட்டத்தில் அல்ல, இடைவெளியில். நீலக் கோட்டில் எதிர்கொள்ள வேண்டியவர் இரண்டு மீட்டர் பின்வாங்கியே நிற்பார். தோள்மேல் பார்க்கும் இரண்டாவது பார்வை காணாமல் போகும். ஆளைக் காலால் பிடிக்க முடியாததால் ஸ்டிக்கால் கொக்கி போடுவார், இரண்டு நிமிடம் வெளியே. நல்ல பயிற்சியாளர் அன்றைக்கு ஷிஃப்டை 35 நொடியாகக் குறைத்துவிடுவார்.

பணம்

2025-26 சீசனில் என்.ஹெச்.எல்.-இன் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டாலர். இருவழி ஒப்பந்தத்தில் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும், மேலே இருக்கும் நாளுக்கு ஒன்று, கீழே இருக்கும் நாளுக்கு ஒன்று. நாள் கணக்கில்தான் பணம். சீசன் சுமார் 190 நாள் என்று வைத்தால் மேலே ஒரு நாளுக்கு 4,000 டாலருக்குச் சற்று அதிகம். கீழே ஆண்டுக்கு 85,000 என்று எழுதியிருந்தால் ஒரு நாளுக்கு 450-க்குப் பக்கம். பத்தே நாள் மேலே போய் மாடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாலும், கீழே ஏறக்குறைய மூன்று மாதம் ஆடிய பணம்.

ஈ.சி.ஹெச்.எல்.-இல் வாரச் சம்பளம், அணி முழுமைக்கும் வார உச்சவரம்பு. வீடு அணியே கொடுக்கும். அது பெரிய ஆறுதல். கோடையில் சம்பளம் கிடையாது. சிறுவர் முகாம்களில் கற்றுக்கொடுத்தும் வேறு வேலைகள் பார்த்தும் ஓட்டுவார்கள். ஏ.ஹெச்.எல்., ஈ.சி.ஹெச்.எல். இரண்டின் வீரர்களுக்காகவும் பேரம் பேசுவது 1967-இல் தொடங்கிய பி.ஹெச்.பி.ஏ. என்ற சங்கம்.

உடம்பு

ஷாட்டை உடம்பால் மறிப்பது டிஃபென்ஸ்மேனின் கடமை. பக் முட்டிக்குக் கீழே படும்போது பாதுகாப்பு அட்டை தாங்கும். ஸ்கேட்டின் பக்கவாட்டில், கணுக்காலுக்கு உட்புறம் பட்டால் பாத எலும்பு விரியும். ஸ்கேட்டுக்கு மேல் மாட்டும் பிளாஸ்டிக் கவசம் இருக்கிறது. கால் உணர்வு குறைகிறது என்று சிலர் மாட்ட மறுக்கிறார்கள். ஷாட் வரும்போது விரல்களைத் திருப்பாமல், ஸ்கேட்டின் முனை அடிப்பவரை நேராகப் பார்க்கும்படி நின்றால் மோதும் பரப்பு குறையும். அடுத்து அதிகம் வருவது தோள் மூட்டு, தொடை இடுக்குத் தசை, மூளையதிர்ச்சி.

மூளையதிர்ச்சிக்குப் படிப்படியாகத் திரும்பும் முறை உண்டு: ஓய்வு, இலகுவான சைக்கிள், தனியாக ஸ்கேட்டிங், மோதல் இல்லாத பயிற்சி, மோதலோடு பயிற்சி, பிறகு ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி திரும்பினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். இதில் ஆபத்து எங்கே என்றால், 25 ஆட்ட ட்ரையவுட்டில் வந்தவருக்கு ஒவ்வொரு நாளும் நழுவும் வாய்ப்பு. அவர் தலைவலியை மறைப்பார். பயிற்சியாளரும் மருத்துவக் குழுவும் அவர் வாயிலிருந்து வரும் பதிலை மட்டும் நம்பக் கூடாது.

பிரையன் ஹெல்மர்

ஐந்து நாற்காலிகளில் ஒன்றை ஆண்டுக்கணக்கில் பிடித்து வைத்திருந்தவர் யார் என்று கேட்டால் இவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும். ஒன்டாரியோவின் சூ செயின்ட் மேரியில் 1972-இல் பிறந்தவர். டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஆல்பனி ரிவர் ராட்ஸில் ஆரம்பித்து 2012 வரை ஆடினார். என்.ஹெச்.எல்.-இல் ஃபீனிக்ஸ், செயின்ட் லூயிஸ், வான்கூவர், வாஷிங்டன் என நான்கு அணிகளுக்கும் சேர்த்து 146 ஆட்டம். ஏ.ஹெச்.எல்.-இல் 1,117 ஆட்டம், 129 கோல், 435 அசிஸ்ட் (பிறர் அடித்த கோலுக்கு உதவிய பாஸ்), மொத்தம் 564 புள்ளிகள். ஏ.ஹெச்.எல். வரலாற்றில் டிஃபென்ஸ்மேன்களில் இவ்வளவு புள்ளி சேர்த்தவர் வேறு யாரும் இல்லை.

அந்த 1,117-ஐ 260-ஆல் வகுத்துப் பாருங்கள், நான்கு மடங்குக்கு மேல். 'மூத்தவர்' முத்திரை விழுந்த பிறகு எண்ணூற்றுச் சொச்சம் ஆட்டங்கள். ஏன் வைத்துக்கொண்டார்கள்? பவர்ப்ளேயை நீலக் கோட்டிலிருந்து நடத்தத் தெரிந்தவர் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மூத்த டிஃபென்ஸ்மேனை அணி எடுப்பது அவருடைய ஆட்டத்துக்கு மட்டுமல்ல. பக்கத்தில் ஜோடியாக இறங்கும் 21 வயதுப் பையனுக்காகவும்தான். "பின்னால் ஆள்", "நேரம் இருக்கு", "திருப்பு" என்று பனித்தளத்தில் நொடிக்கு நொடி குரல் கொடுக்கும் ஜோடிக்காரர் இருந்தால், அந்தப் பையனுக்கு மூன்றாவது கண் கிடைத்த மாதிரி. ஹெல்மர் 1995-இல் ஆல்பனியோடு ஏ.ஹெச்.எல். சாம்பியனுக்கான கால்டர் கோப்பை வென்றார், பிறகு தலைவராக ஹெர்ஷியோடு 2009, 2010 இரண்டிலும் வென்றார். ஆட்டத்தை நிறுத்திய பின் ஹெர்ஷி நிர்வாகத்துக்கே போனார்.

கோடைக் கணக்கு

ஹெல்மரின் திறன் இல்லாத, ஆனால் நல்ல தொழில்காரரான 28 வயது டிஃபென்ஸ்மேனுக்கு மே மாதம் வந்ததும் முடிவெடுக்கும் நேரம். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரிட்டன் லீக்குகள் வெளிநாட்டு வீரர்களை ஓர் எண்ணிக்கை வரை எடுக்கும். அங்கே 260 கணக்கு கிடையாது. மூன்று இரவில் மூன்று ஆட்டம் அபூர்வம். வீடும் காரும் ஒப்பந்தத்திலேயே வருவது வழக்கம், சம்பளத்தை வரி போக எவ்வளவு என்றே பேசுவார்கள். கையெழுத்து போடுமுன் ஏஜென்ட் மூலம் கேட்டுக்கொள்ள வேண்டியவை: அடிபட்டால் சம்பளம் தொடருமா, சீசன் நடுவில் விடுவிக்கும் விதி என்ன, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டா, முந்தைய சீசனில் அந்த அணி சம்பளத்தைத் தாமதப்படுத்தியதா. கடைசிக் கேள்வியை அங்கே ஆடிய வீரரிடமே கேட்க வேண்டும்.

சிக்கல் தேதியில் இருக்கிறது. ஐரோப்பிய அணிகள் மே, ஜூன் மாதங்களிலேயே இடங்களை நிரப்பத் தொடங்கிவிடும். வட அமெரிக்காவில் என்.ஹெச்.எல். சந்தை திறப்பது ஜூலை 1. பெரிய பெயர்கள் முதலில் போகும், ஏ.ஹெச்.எல். ஒப்பந்தங்கள் அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். ஐந்து நாற்காலிகளில் ஒன்று தனக்கு வருமா என்று ஜூலை நடுவில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அதற்குள் ஜெர்மனிக்காரர் வேறு ஆளை எடுத்திருப்பார். இரண்டையும் விட்டவருக்கு மிஞ்சுவது செப்டம்பர் முகாமுக்கு ஒரு ட்ரையவுட் அழைப்பு, கையில் ஸ்கேட் பையோடு, அக்டோபர் முதல் வாரத்தில் பட்டியல் ஒட்டப்படும் நாள் வரை.